வளைவில் வண்டி என்ன செய்தது?

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வால்பாறையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஒரு சிறிய கார் வாங்கியிருந்தார். கிளட்ச் மிதி இல்லாத ஏஎம்டி வண்டி. இடது முழங்கால் தேய்ந்துபோய் கிளட்சை மிதிக்க முடியாமல் ஆகிவிட்டது, மாதம் ஒருமுறை மனைவியைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, ஆகவே அந்த வண்டி. இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கார் சந்தைக்கு வந்த வாரத்தில் அதை ஓட்டிப் பார்த்து நான் எழுதியிருந்ததை அவருடைய மகன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

“குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க தம்பி. நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சுப்போட்டுத்தான் வாங்குனோமுங்க. ஒம்பதாவது கொண்டை ஊசியில மேல இருந்து பஸ் வந்துச்சு, ஒதுங்கி நிறுத்துனேன். பஸ் போனதும் பிரேக்க விட்டா வண்டி பின்னால உருளுதுங்க. பின்னால ஒரு ஜீப்பு வேற நின்னுட்டு இருந்துச்சு. இதப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலீங்களே?” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டேனா, தெரியாமலே விட்டேனா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டார். பேசி முடித்ததும் நான் எழுதியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். ‘நகர நெரிசலில் இடது காலுக்கு முழு ஓய்வு’ என்று ஒரு வரி இருந்தது. அவருடைய முழங்காலுக்கு நம்பிக்கை கொடுத்த வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பத்திகள் கீழே இன்னொரு வரி: ‘மேட்டுச் சாலைகளிலும் தயங்காமல் ஏறுகிறது.’ இதை எந்த மேட்டில் ஏறிப் பார்த்து எழுதினேன் என்று யோசித்தபோது, இரண்டு மேம்பாலங்களைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்த வரி என்னை விடவில்லை.

ஒரு நாள் வண்டி

ஒரு புதிய காரை நாங்கள் எப்படி ஓட்டிப் பார்க்கிறோம் என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. வண்டி காட்சியறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதுகிறவர்களையும் படம் எடுக்கிறவர்களையும் நிறுவனம் ஓர் ஊருக்கு அழைக்கும். பெரும்பாலும் அது நல்ல விடுதியும் அகலமான சாலையும் உள்ள ஊராக இருக்கும். காலையில் வரிசையாகக் கார்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் டேங்க் நிரம்பியிருக்கும், டயரில் காற்று சரியாக இருக்கும், கண்ணாடியில் ஒரு விரல்தடம்கூட இருக்காது. சாலையின் வரைபடத்தையும் அவர்களே தருவார்கள். ஐந்தாறு மணி நேரம் ஓட்டலாம். அதில் பாதி, படப்பிடிப்புக்காக ஒரே வளைவில் திரும்பத் திரும்பப் போய் வருவதில் கழியும். இன்ன தேதி இன்ன மணிக்கு முன் யாரும் எதையும் வெளியிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த மணி அடித்த நிமிடத்தில் எல்லோருடைய எழுத்தும் ஒன்றாக வெளிவரும். ஒரு நாள் தாமதித்து எழுதினால் படிக்க ஆள் இருக்காது என்பதால், விடுதி அறையிலேயே இரவில் எழுதி முடிக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

இதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. நான் ஓட்டிய வண்டி உண்மையான வண்டி, எழுதிய உணர்வும் உண்மையானது. ஆனால் அந்த வண்டியில் நான் மட்டும் இருந்தேன், டிக்கியில் ஒரு கேமரா பை இருந்தது, சாலை சமதளமாக இருந்தது. ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள ஒரு காரில் நான்கு பெரியவர்கள் ஏறிச் சாமான்களும் வைத்தால் 300 கிலோ கூடிவிடும். அதாவது வண்டி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சுமக்கிறது. போதாததற்கு, மலையில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத என்ஜின் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 10 சதவீத வலுவை இழந்துவிடும். கடற்கரைச் சாலையில் தனியாக ஓட்டியவன் அறிந்த காரும், குடும்பத்தோடு வால்பாறைக்கு ஏறுகிறவரின் காரும் பதிவுப் புத்தகத்தில்தான் ஒரே கார்.

மைலேஜ் விஷயத்தில் வாசகர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். விளம்பரத்தில் வரும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுக்கப்பட்ட ஓர் ஓட்ட முறைப்படி ஓட்டி எடுத்தது, அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான் என்பது இன்று பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற பையனுக்கும் தெரியும். ஆகவே யாரும் அந்த எண்ணை நம்பி வண்டி வாங்குவதில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். அந்த எச்சரிக்கை உணர்வு எங்கள் சொற்களை நோக்கி வருவதில்லை. எண்ணைச் சந்தேகிக்கிறவர்கள் ‘தயங்காமல் ஏறுகிறது’ என்ற வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

செட்டிப்பாளையத்தில் கேட்ட கேள்வி

கார்களைப் பற்றி எழுதத் தொடங்குவதற்கு முன்பே எனக்குப் பந்தயம் பழக்கமாகிவிட்டது. கோவையில் வளர்ந்தவனுக்கு அது பெரிய காரியம் இல்லை. செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய களம். அதற்குப் பெயர் தந்த எஸ். கரிவர்தன், 796 சிசி மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்கள் இந்தியாவில் ஃபார்முலா கார் ஓட்டத் தொடங்கியது அந்த வண்டிகளில்தான். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரிலான களம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. பந்தய நாளில் அங்கே போனால் ரப்பர் வாடையும், சுடச்சுட டீயும், கோவைப் பட்டறைகளில் லேத் பிடித்துக் கை கறுத்த மனிதர்களும் இருப்பார்கள். தொலைக்காட்சியில் தெரியும் ஃபார்முலா ஒன்னின் பளபளப்பு எதுவும் அங்கே இல்லை. எனக்கு அந்த இடத்தின் மேல் அளவுகடந்த பிரியம் உண்டு.

அங்கே பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எல்ஜிபி ஃபார்முலா வண்டிகளின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1300 சிசி மாருதி என்ஜின், எல்லோருக்கும் ஒரே மாதிரியான வண்டி, ஒரே டயர். அதனால் வண்டியில் மாற்றிப் பார்க்கக்கூடிய விஷயங்கள் குறைவு, வித்தியாசங்களும் சிறியவை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். அதாவது கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். ஓர் இளைஞன், ஓட்டத்தின் நடுவே வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றியதும், “வண்டி சரியில்லண்ணா” என்றான். அவனுடைய மெக்கானிக், ஐம்பது வயதைத் தாண்டியவர், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரியில்லன்னா எனக்கென்ன தெரியும்? எந்த வளைவு? பிரேக்க விட்டப்பவா, ஸ்டீயரிங்க ஒடிச்சப்பவா, ஆக்சிலேட்டர மிதிச்சப்பவா? வளைவுல வண்டி என்ன பண்ணுச்சு, அத மட்டும் சொல்லு.”

பையன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். மூன்றாவது வளைவில், பிரேக்கை விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகு, மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளுகிறது என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஊசி முனையுள்ள வெப்பமானியை முன் டயரின் ரப்பரில் மூன்று இடங்களில் குத்திப் பார்த்தார்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். நடுவில் மட்டும் சூடு தெளிவாகக் கூடியிருந்தது. காற்று அதிகமானால் டயர் நடுவில் உப்பி, ஓரங்கள் தரையில் சரியாகப் படியாது; தரையைப் பிடிக்கிற ரப்பர் குறைந்தால் முன் சக்கரங்கள் திரும்பினாலும் வண்டி திரும்பாது. அவர் இரண்டு முன் டயர்களிலும் ஒன்றரை பாயிண்ட் காற்றை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “இப்போ போ” என்றார். அடுத்த மூன்று சுற்றுகளில் பையனின் நேரம் இறங்கியது. பாராட்டெல்லாம் இல்லை. மறுபடியும் அதே கேள்விதான்: வளைவில் என்ன பண்ணியது?

அந்தக் கேள்வியின் அழகு அன்றே என் மனதில் தைத்தது. ‘நன்றாக இருக்கிறது’, ‘சரியில்லை’ என்ற சொற்களுக்கு அந்தப் பிட்டில் மதிப்பே இல்லை. எந்த இடத்தில், எந்த நொடியில், ஓட்டுகிறவர் என்ன செய்தபோது வண்டி என்ன செய்தது என்று சொன்னால்தான் மற்றவர் ஏதாவது செய்ய முடியும். பந்தயத்தைப் பற்றி எழுதும்போது அதைப் பின்பற்ற முயன்றிருக்கிறேன். கார்களைப் பற்றி எழுதும்போது ஏன் பின்பற்றவில்லை என்பதுதான் வால்பாறைக்காரரின் அழைப்புக்குப் பிறகு என்னை அரித்த கேள்வி.

பந்தயத்தில்கூட இது எளிதில்லை. எங்கள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அதைப் பெரும் சாதனையாகக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆறே கார்கள்தானே ஓடின என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த வாதம் தேநீர்க் கடைகளில் அதே இடத்தில்தான் நிற்கிறது. அந்தக் களத்தின் பதின்மூன்றாவது வளைவில் என்ன நடந்தது என்பதை இரண்டு தரப்பினரும் கடந்து போய்விடுகிறார்கள்.

அந்த வளைவு, அமெரிக்க நீள்வட்டப் பந்தயத்துக்காகச் சாய்வாகக் கட்டப்பட்டது. மற்ற களங்களில் வளைவு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இங்கே முழு வேகத்தில் சாய்வின் மேல் ஏறிப் போகலாம். அப்போது வண்டியின் சுமை இடது பின் டயரின் மேல் அழுந்துகிறது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா அங்கேதான் டயர் கெட்டுச் சுவரில் மோதியது. தான் கொண்டுவந்த டயர்கள் அந்த வளைவின் சுமையைத் தாங்கும் என்று உறுதி சொல்ல மிஷெலின் நிறுவனத்தால் முடியவில்லை. வளைவில் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வளைவு வேண்டும் என்ற கோரிக்கையை, கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டும் ஓடின.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நரேனின் நான்காம் இடத்துக்கு ஒரு சரியான அளவு கிடைக்கிறது. அவர் இரண்டு மினார்டிகளை வென்றார். அவருடைய ஜோர்டான் அணியிலேயே ஓட்டிய தியாகோ மொன்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்தார். ஃபெராரிகளிடம் இருவரும் ஒரு சுற்றுப் பின்தங்கினார்கள். அந்தப் பந்தயத்தை அவர் கடைசி வரை ஓட்டி முடித்தார் என்பது அவருடைய உழைப்பு. மற்றவர்கள் ஓடவில்லை என்பது ஒரு டயரின் கதை. இந்த அளவில் எழுதினால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. கோவையிலிருந்து போன ஒருவர் அந்த ஆறு பேரில் இருந்தார் என்பதே எனக்குப் பெருமைதான். பெருமைப்படுவதற்கு நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

சென்னைத் தெருப் பந்தயத்தின்போதும் இதையே உணர்ந்தேன். 2024 ஆகஸ்ட் 31 அன்று, தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலையில், மழையும் எஃப்ஐஏ சான்றிதழ் தாமதமும் சேர்ந்து, மக்கள் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. மறுநாள் என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் எந்தெந்தப் பிரபலங்கள் வந்தார்கள் என்றே கேட்டார்கள். சாதாரண நாளில் மாநகரப் பேருந்து ஓடுகிற தாரில் ஒரு ஃபார்முலா 4 கார் எப்படி பிரேக் பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் அங்கே போகிறோம், சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

ஆழியாறிலிருந்து மேலே

அழைப்பு வந்த இரண்டாவது வாரம் நான் பொள்ளாச்சிக்குப் போனேன். பெரியவர் மனைவியை மருத்துவமனையிலிருந்து அழைத்துக்கொண்டு திரும்பும் நாள் அது. கூடவே அவருடைய மைத்துனியும் இருந்தார். டிக்கியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றும் மளிகைச் சாமான்களும் இருந்தன. நான் ஓட்டுவதாகச் சொல்லவில்லை; அவரே ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது வந்துவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை நிற்கும். நான் மீட்டர் பெட்டியில் கியர் எண் காட்டும் சிறிய கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வளைவுகளுக்கு நடுவே சாலை சற்று நேராக வந்தவுடன் வண்டி இரண்டாவது கியருக்குப் போய்விடும். பெரியவர் நிதானமாக ஓட்டுகிறவர், ஆக்சிலேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார். வண்டியின் கணினி அதை ‘இவருக்கு வலு தேவையில்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த வளைவின் உள்பக்கச் செங்குத்தில் வேகம் சட்டென்று விழும். என்ஜின் முக்கும். அப்போதுதான் வண்டி முதல் கியரைத் தேடும். ஏஎம்டி என்பது வழக்கமான கியர்பெட்டியும் வழக்கமான கிளட்சும்தான். கால் செய்கிற வேலையையும் கை செய்கிற வேலையையும் ஒரு கருவி செய்கிறது. அந்தக் கருவி கிளட்சை விலக்கி, கியரை மாற்றி, மறுபடி கிளட்சைச் சேர்க்கிறது. அதுவரை சக்கரத்துக்கு இழுவை கிடையாது. கைபேசியில் படம் எடுத்துப் பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒரு நொடிக்குச் சற்று மேல். சமதளத்தில் அது ஒரு சிறு தலையாட்டல். செங்குத்தான வளைவின் நடுவில், பின்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க, அந்த ஒரு நொடி மிக நீளமானது. பின் இருக்கையில் பேச்சு நின்றுபோவதை ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை முழுவதும் கீழே விரிந்து தெரியும் இடத்தில், வண்டிகள் ஒதுங்கி நிற்க அகலம் உண்டு. பின்னால் யாரும் வராத நேரம் பார்த்து, சரிவான ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதியுங்கள் என்றேன். கிளட்ச் பிடிப்பதற்குள் வண்டி ஒன்றரை அடி பின்னால் வந்துவிட்டது. பிறகு எல்லோரையும் இறங்கச் சொல்லி, அரிசிச் சிப்பத்தையும் சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டு, அதே கோட்டில் வண்டியை நிறுத்தி நான் மட்டும் ஏறி அதையே செய்தேன். வண்டி நாலு விரற்கடைதான் நகர்ந்தது.

கோட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இரண்டு இடைவெளிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கார், அதே சரிவு, அதே சாக்பீஸ் கோடு. எழுதும்போது என் கையில் இருந்தது அந்த நாலு விரற்கடை மட்டும்தான். தனியாக ஓட்டியவன் ‘தயங்காமல் ஏறுகிறது’ என்று எழுதியதில் அவன் உணர்ந்ததற்கு மாறாக எதுவும் இல்லை. ஆனால் காரில் எத்தனை பேர், எந்தச் சரிவு என்பதைச் சொல்லாமல் விட்டதால் அந்த வாக்கியம் வேறொருவரின் குடும்பத்தை ஒன்றரை அடி பின்னால் உருட்டிவிட்டது. அவருடைய மனைவி அரிசிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்து அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்னங்க, நீங்க வேணும்னா எழுதுனீங்க?” என்றார். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இல்லை.

பிறகு எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். நிறுத்தியதும் கை பிரேக்கை இழுத்துவிடுங்கள், கால் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதியுங்கள், வண்டி முன்னால் இழுப்பதை உடம்பு உணர்ந்த பிறகு கை பிரேக்கை விடுங்கள் என்றேன். முதல் முறை அவர் அவசரப்பட்டார். மூன்றாவது முறை வண்டி கோட்டை விட்டுப் பின்னால் வரவே இல்லை. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, கிளட்ச் சூடாகித் தேய்ந்துவிடும் என்பதையும் சொன்னேன். அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வளைவுக்கு முன்பே, கியரை நாமே மாற்றும் மேனுவல் மோடுக்கு மாற்றி முதல் கியரில் வைத்துக்கொண்டால் நடுவில் அந்த ஒரு நொடித் தவிப்பு இல்லை. இறங்கும்போதும் அப்படியே இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டால் என்ஜினே வேகத்தை அடக்கும், பிரேக் காய்ந்து வாடை வராது. பதினைந்தாவது வளைவுக்கு மேல் பின் இருக்கையில் மறுபடியும் பேச்சு தொடங்கியது. உறவில் யாருக்கோ நிச்சயதார்த்தம். அதைப் பற்றியே வால்பாறை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“வண்டி குடுக்கறப்ப இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. பூசணிக்காய் சுத்தி, மால போட்டு, போட்டோ எல்லாம் எடுத்தாங்க” என்றார் பெரியவர், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு. உண்மைதான். கையேட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், இருநூறு பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. அவர் வண்டியைப் பற்றித் தமிழில் படித்தது நான் எழுதியதை மட்டும்தான்.

ஊர் திரும்பியதும் பழைய எழுத்தைத் திருத்தினேன். அந்த வரியை எடுத்துவிட்டு, இன்ன சரிவில், இத்தனை பேரோடு, இவ்வளவு தூரம் பின்னால் உருண்டது, இப்படிச் செய்தால் உருளாது என்று எழுதினேன். சில நாட்களில் அந்த நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஒருவர் அழைத்து, இவ்வளவு நாள் கழித்து ஏன் இதை எழுத வேண்டும் என்று கேட்டார். என்ன நடந்ததோ அதைச் சொன்னேன். நீங்கள் சொல்வது இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கும் பொருந்துமே என்றார். பொருந்தும் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். மரியாதையாகவே பேசி முடித்தோம்.

இப்போது ஒரு வண்டி கைக்கு வந்தால், வெளியீட்டு நாளில் முழுமையாக எழுதுவதில்லை. அன்று பார்த்ததை அன்று பார்த்தது என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன். பிறகு தெரிந்தவர் யாராவது வாங்கும் வரை காத்திருந்து, அவர் அனுமதியோடு, நண்பரின் அரிசி மண்டியிலிருந்து எட்டுச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு, கூட்டமில்லாத வார நாளில் மருதமலைப் பாதைக்கு விடியற்காலையில் போகிறேன். எட்டுச் சிப்பம் 200 கிலோ. கூட ஒருவர் உட்கார்ந்தால் ஒரு குடும்பத்தின் எடை வந்துவிடுகிறது. சாக்பீஸ் எப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. இதனால் என் எழுத்து மூன்று வாரம், சில நேரம் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. அதற்குள் பாதிப் பேர் வண்டி வாங்கி முடித்திருப்பார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ‘மென்மையான பயணம்’, ‘உற்சாகமான என்ஜின்’ போன்ற சொற்களை எழுதக் கை போகும்போதெல்லாம் செட்டிப்பாளையத்து மெக்கானிக்கின் குனிந்த தலை நினைவுக்கு வந்து கையை நிறுத்துகிறது.

சித்திரையில் பெரியவர் மறுபடி அழைத்தார். பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், ஐந்து பேராகக் கீழே இறங்கப் போகிறோம், காற்று எத்தனை பாயிண்ட் வைக்க வேண்டும் என்று கேட்டார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள் என்றேன். தொலைபேசியை அணைக்காமலே அவர் வாசலுக்கு நடப்பதும் கதவு திறக்கும் ஓசையும் கேட்டன. “ரெண்டு வரி போட்டிருக்குதுங்க. ஆளு கம்மின்னா ஒரு கணக்கு, ஃபுல் லோடுன்னா பின் டயருக்கு ஜாஸ்தி. நான் இத்தன நாளா எல்லாத்துலயும் ஒரே கணக்குத்தான் வெச்சுட்டு இருந்தேனுங்க.”

பின் டயர் நடுவில் தேய்ந்திருக்கிறதா, ஓரங்களில் தேய்ந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“இருங்க தம்பி, டார்ச் எடுத்துட்டு வர்றேன்” என்றார்.